ஜாஸ் மறுவெளியீடுகள்: சேகரிப்பும் ஒலி ஒப்பீடும்

முன்பு வெளிவந்த ஜாஸ் ஆல்பம் ஒன்றை, அதே பழைய ஒலிப்பதிவிலிருந்து மீண்டும் எல்.பி. இசைத்தட்டாகவோ குறுந்தகடாகவோ கொண்டுவருவது ஜாஸ் மறுவெளியீடு. ஜாஸின் புகழ்பெற்ற ஆல்பங்களில் பல 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் சிறு நிறுவனங்கள் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டவை. அவற்றின் முதல் அச்சுகள் இன்று அரிதாகிவிட்டன, விலையும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஜாஸ் கேட்பவர்களில் பெரும்பாலோர் மறுவெளியீட்டைத்தான் கேட்கிறார்கள். ஒரே ஆல்பம் பத்து வடிவங்களில் கிடைக்கும்போது எது நன்றாக ஒலிக்கிறது என்று தேடுவதும், வாங்கிச் சேர்ப்பதும், ஒன்றோடொன்று வைத்துக் கேட்பதும் தனியொரு ஈடுபாடாகவே வளர்ந்திருக்கின்றன.

நாடாவிலிருந்து தட்டு வரை

ஒரே இசை ஏன் வெவ்வேறு விதமாக ஒலிக்கிறது என்பதற்கான விடை அது கைமாறும் இடங்களில் இருக்கிறது. ஸ்டுடியோவில் பதிவான காந்த நாடாவை மாஸ்டர் டேப் என்கிறார்கள். பொறியாளர் அதை ஓடவிட்டு, அரக்குப் பூசிய தட்டில் வெட்டுக்கருவியால் தடம் வெட்டுகிறார். இந்தக் கட்டத்தில் அவர் பாஸைக் குறைக்கலாம், உச்ச ஒலிகளை அமுக்கலாம், ஒன்றையும் தொடாமலும் விடலாம். வெட்டிய தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, ஆலையில் வினைல் தட்டுகளை அழுத்துகிறார்கள். மாஸ்டர் டேப்பா, அதன் நகலா, நகலின் நகலா என்பது முதல் கேள்வி. ஒவ்வொரு நகலிலும் நாடா இரைச்சல் ஏறும், கூர்மை குறையும். வெட்டியவர் யார், அழுத்திய ஆலை எது என்பவை அடுத்த கேள்விகள்.

நாடாவுக்கும் முதுமை உண்டு. நீண்ட நாள் சுற்றிவைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு பக்கத்துச் சுற்றில் மெல்லப் படியும். பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே அதன் மங்கலான சாயல் கேட்பது இதனால்தான். சில நாடாக்கள் மொத்தமாகவே அழிந்தன. 1978இல் நியூஜெர்சியின் லாங் பிராஞ்ச் ஊரில் அட்லாண்டிக் நிறுவனத்தின் கிடங்கு எரிந்ததில் வெளிவராத பதிவுகள் ஏராளமாகப் போயின.

தட்டின் எடையைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. 180 கிராம் தட்டு கையில் கனமாக இருக்கும், எளிதில் வளையாது. தடத்தின் ஆழம் அதனால் மாறுவதில்லை, ஒலியும் மாறுவதில்லை. சுழல்வேகத்தின் கதை வேறு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் எல்.பி.யின் வெளி விளிம்பில் தடம் ஊசியின் கீழ் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. நகர்கிறது. உள் முனையில் அது சுமார் 21 செ.மீ.யாகச் சுருங்கிவிடுகிறது. அதே நொடியின் இசை பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கப்படுவதால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் டிரம்பெட்டும் சிம்பலும் கரகரக்கும். ஓர் ஆல்பத்தை 45 வேகத்தில் இரண்டு தட்டுகளாகப் பிரித்து வெளியிடுவதன் காரணம் இதுவே. நடுவே மூன்று முறை எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும் என்றாலும் பலன் காதில் தெரியும்.

புளூ நோட்: ஒரே ஒலிப்பதிவின் பல பிறவிகள்

மறுவெளியீட்டு வரலாறு முழுவதையும் ஒரே நிறுவனத்தில் பார்க்க வேண்டுமென்றால் அது புளூ நோட். பெர்லினிலிருந்து வந்த ஆல்பிரட் லயன் 1939இல் நியூயார்க்கில் இதைத் தொடங்கினார். அவருடைய இளமைக்கால நண்பர் பிரான்சிஸ் வுல்ஃப் விரைவில் சேர்ந்துகொண்டார். கண்பார்வை சோதிக்கும் ஆப்டோமெட்ரி தொழிலில் இருந்த ரூடி வான் கெல்டர், நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார். புளூ நோட்டின் 1950களின் பதிவுகளில் பெரும்பாலானவற்றை அவர் அந்த அறையில்தான் பதிந்தார். 1959இல் அவர் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த கூரையோடு புது ஸ்டுடியோ கட்டிக்கொண்டார். பதிவு செய்தவரே தடமும் வெட்டினார் என்பது முதல் அச்சுகளின் தனிச்சிறப்பு.

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது தட்டின் உறையை அல்ல. கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையே உள்ள வெற்றுப் பகுதியைத்தான். விளக்கொளியில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே ஆர்.வி.ஜி. என்ற எழுத்துகளோ வான் கெல்டர் என்ற முத்திரையோ தெரியும். பக்கத்தில் காது போல வளைந்த சிறு குறி இருந்தால், அது புளூ நோட்டுக்குத் தட்டு அழுத்தித் தந்த பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். 1966க்குப் பிறகு அழுத்தியவற்றில் அது இராது. லேபிளில் அச்சாகியிருக்கும் நியூயார்க் முகவரியும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்: லெக்சிங்டன் அவென்யூ முந்தையது, மேற்கு 63ஆம் தெரு பிந்தையது.

1960களின் நடுவில் லிபர்ட்டி நிறுவனம் புளூ நோட்டை வாங்கியது. லிபர்ட்டி காலத்துத் தட்டுகளைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் அவற்றில் பல வான் கெல்டர் வெட்டிய பழைய உலோக அச்சுகளிலிருந்தே அழுத்தப்பட்டவை. வான் கெல்டர் முத்திரை உள்ள லிபர்ட்டி தட்டு, முதல் அச்சின் ஒலியை அதன் விலையில் சிறு பங்குக்குத் தருகிறது. ஒதுக்க வேண்டியவை வேறு. பழைய மோனோ பதிவுகளைக் கருவியால் இரண்டாகப் பிரித்து, ஸ்டீரியோ என்று பெயரிட்டு அந்நாளில் வெளியிட்டார்கள். பாஸ் ஒரு பக்கம், கூரிய ஒலிகள் மறுபக்கம் என்று இசையைப் பிய்த்துவைத்த அந்தப் போலி ஸ்டீரியோ தட்டுகளை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

மோனோ, ஸ்டீரியோ சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. 1957, 58ஆம் ஆண்டுகளில் வான் கெல்டர் ஒரே வாசிப்பை மோனோ நாடாவிலும் இரட்டைத் தட நாடாவிலும் ஒருசேரப் பதிந்தார். ஹேக்கன்சாக்கில் அவரும் லயனும் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் ஒலியைச் சமன் செய்தார்கள். அதனால் அக்கால ஸ்டீரியோவில் ஊதுகருவிகள் ஒரு பக்கமும் தாளக்கருவிகள் மறுபக்கமும் ஒதுங்கி நடுவே பள்ளம் விழுந்தது போலிருக்கும். 1958இன் இறுதியிலிருந்து இரட்டைத் தட நாடா மட்டுமே பதிவானது. அதற்குப் பிந்தைய மோனோ தட்டுகள் இரண்டு தடங்களையும் கூட்டிச் செய்தவை. ஆகவே ஜான் கோல்ட்ரேன் 1957 செப்டம்பர் 15இல் பதிந்த ‘புளூ டிரெய்ன்’ ஆல்பத்துக்கு உண்மையான மோனோ நாடாவும் உண்டு, உண்மையான ஸ்டீரியோ நாடாவும் உண்டு. 2022இல் புளூ நோட் இரண்டையும் தனித்தனியாக வெளியிட்டது. மோனோவில் மூன்று ஊதுகருவிகளும் ஒரே உடம்பாக முன்னால் வந்து நிற்கின்றன, ஸ்டீரியோவில் ஒவ்வொருவரின் மூச்சும் தனித்துக் கேட்கிறது. இந்த ஆல்பத்துக்கு மோனோவே பொருத்தம் என்பது என் முடிவு.

1970களின் பிற்பகுதியில் ஜப்பானின் கிங் நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்ட தட்டுகள் பின்னணி இரைச்சல் இல்லாத வினைலுக்குப் பேர் போனவை. அவை அமெரிக்காவிலிருந்து வந்த நகல் நாடாக்களிலிருந்து வெட்டப்பட்டவை. அமைதி இருக்கும், முதல் அச்சின் உந்துவேகம் சற்றுக் குறையும். அதே ஆண்டுகளில் புளூ நோட் கிடங்கைத் துருவி, வெளிவராமல் கிடந்த பதிவுகளை வெளிக்கொண்டுவந்தவர் மைக்கேல் கஸ்கூனா. அவரும் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் நிறுவனம் 1983இல் தெலோனியஸ் மங்க்கின் முழு புளூ நோட் பதிவுகளை ஒரே பெட்டியில் தந்தது. மறுவெளியீடு என்பது மலிவுப் பதிப்பு மட்டும் அல்ல, ஆய்வுப் பதிப்பும் ஆகலாம் என்று காட்டிய பணி அது.

1990களின் இறுதியில் வான் கெல்டரே தன் பழைய நாடாக்களை 24 பிட் டிஜிட்டலில் மறுபடி செம்மை செய்தார். இந்தக் குறுந்தகடுகள் இன்றுவரை சர்ச்சைக்குரியவை. பதிவு செய்தவரே செய்தார் என்ற மதிப்பு ஒருபுறம். ஒலியை மிகவும் உரக்கவும் இறுக்கமாகவும் ஆக்கிவிட்டார், ஸ்டீரியோ அகலத்தைக் குறுக்கிவிட்டார் என்ற குறை மறுபுறம். சிம்பலின் தேய்ந்து மறையும் ஓசையைக் கவனித்தால் குறை சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரிகிறது.

2007இல் தொடங்கிய மியூசிக் மேட்டர்ஸ் நிறுவனம் 45 வேகத்தில் வெளியிட்ட வரிசைக்கு பொறியாளர்கள் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் மாஸ்டர் டேப்பிலிருந்து நேரடியாகத் தடம் வெட்டினார்கள். அப்போதுதான் ஒன்று தெளிவானது: நாடாவில் இருந்ததெல்லாம் முதல் அச்சில் வரவில்லை. அந்நாளின் மலிவு பிளேயர்களில் ஊசி தாவாமலிருக்க வான் கெல்டர் பாஸைக் கட்டுப்படுத்தித்தான் வெட்டியிருந்தார். மியூசிக் மேட்டர்ஸின் ஜோ ஹார்லி மேற்பார்வையில், கெவின் கிரே வெட்டி, 2019 முதல் புளூ நோட்டே வெளியிட்டுவரும் டோன் பொயட் வரிசை இந்த வழியின் தொடர்ச்சி. முதல் அச்சே சிறந்தது என்ற நம்பிக்கை இந்தத் தட்டுகளின் முன் தளர்ந்துவிட்டது. கைக்கு அடக்கமான விலையில் கிளாசிக் வினைல் என்ற இன்னொரு வரிசையும் வருகிறது. அதற்கும் வெட்டுபவர் கிரேதான்.

சுருதி கூடிய பக்கம்

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் பதிவானது. மார்ச் 2 அன்று பிரதான நாடாக்கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமாகும், சுருதியும் ஏறும். முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் இப்படியே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விற்றன. தட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பழகியவர்களுக்குத் தங்கள் கருவி சுருதி சேராமல் போனது. பாதுகாப்புக்காக ஓடிய இரண்டாவது கருவியின் நாடா சரியான வேகத்தில் இருந்ததைக் கொண்டு, 1992இல் தங்கத் தகடு பூசிய குறுந்தகடு ஒன்றில் பிழை திருத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த பதிப்புகள் பெரும்பாலும் திருத்திய வேகத்தையே பின்பற்றுகின்றன. முதல் அச்சைக் கைப்பற்றப் பெரும்பணம் கொடுப்பவர் பிழையான சுருதியையும் சேர்த்தே வாங்குகிறார். ஒலிநயத்துக்கு வேண்டுமானால் அது வரலாற்றுச் சான்று, இசைக்கு மறுவெளியீடே மூலம்.

ஒப்பிடும் முறை

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் தவறுவது ஒலியளவில். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது உரக்க இருக்கிறது என்று உணராது, நன்றாக இருக்கிறது என்று உணரும். ஒலி உயர்ந்தால் பாஸும் செழித்துக் கேட்கும். எனவே இரு தட்டுகளிலும் ஒரே பகுதியை ஓடவிட்டு, கைபேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலியாலாவது அளவைச் சமன் செய்த பின்பே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே முறையில் கழுவித் துடைத்து, ஒரே ஊசியில் ஓட்ட வேண்டும். எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றிவைக்கச் சொன்னால் முடிவுக்கு மதிப்புக் கூடும்.

எங்கே கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் வாசித்த பதிவு இதற்கு ஏற்றது. நல்ல பதிப்பில் மேசைகளில் கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தமும் பேச்சின் முணுமுணுப்பும் வாத்தியங்களுக்குப் பின்னால் தனி ஆழத்தில் இருக்கும். ஸ்காட் லஃபாரோவின் பாஸில் விரல் தந்தியை இழுப்பதும் மரப்பெட்டி அதிர்வதும் பிரிந்து கேட்கும். மோசமான பதிப்பில் பேச்சு வெறும் இரைச்சலாகிவிடும், பாஸ் உறுமலாகிவிடும். பியானோவின் நீண்டு நிற்கும் சுரம் அலைபாய்ந்தால் பெரும்பாலும் குறை நாடாவில் இல்லை. தட்டின் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. அந்தப் பிரதியை மாற்றிக்கொண்டால் போதும், பதிப்பைப் பழிக்க வேண்டியதில்லை.

காதின் நம்பகத்தைப் பற்றி 2022 ஜூலையில் ஒரு பாடம் கிடைத்தது. மாஸ்டர் டேப்பிலிருந்து வெட்டியவை என்று விலையுயர்ந்த மறுவெளியீடுகளை விற்றுவந்த மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம், 2011 முதலே பல தட்டுகளுக்கு இடையில் டிஜிட்டல் நகலைப் பயன்படுத்திவந்தது வெளியானது. வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், பணம் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. டிஜிட்டல் கலந்தால் உடனே தெரிந்துவிடும் என்று உறுதியாகச் சொன்னவர்கள் பலர் அந்த ஆண்டுகளில் அதே தட்டுகளை மெச்சி எழுதியிருந்தார்கள். நல்ல டிஜிட்டல் நகலால் இசை கெட்டுவிடவில்லை. மறைத்ததுதான் தவறு.

வாங்குபவர்கள் கவனிக்க

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் காப்புரிமை முடிந்துவிட்டது. அங்குள்ள சில நிறுவனங்கள் மூல நாடாவைக் கண்ணாலும் பாராமல், குறுந்தகடு போன்றவற்றிலிருந்து எடுத்துத் தட்டு அழுத்துகின்றன. உறையில் மூலம் எது, வெட்டியவர் யார் என்று ஒரு சொல்லும் இராது. விலை மலிவாக இருப்பதைத் தவிர வேறு காரணம் சொல்லி அவற்றை வாங்க முடியாது.

புதிதாகத் தொடங்குபவர் முதல் அச்சைத் துரத்த வேண்டியதில்லை. பிரெஸ்டீஜ், ரிவர்சைடு, கான்டெம்பரரி நிறுவனங்களின் ஆல்பங்களை 1982இல் தொடங்கிய ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையில் தேடலாம். அந்நாளைய பழைய பிரதிகள் இன்றும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன, ஒலியும் நேர்மையானது. 2023இல் அதே பெயரில் புதுப்பித்த தட்டுகள் மாஸ்டர் டேப்பிலிருந்து வெட்டியவை. எந்த வரிசையானாலும் பணம் கொடுக்கும் முன் உறையின் பின்புறத்தைப் படியுங்கள். நாடாவின் மூலமும் வெட்டியவர் பெயரும் அங்கே அச்சாகியிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கேளுங்கள். விடை தராத நிறுவனத்தின் தட்டை விட்டுவிடுங்கள்.