நோன்பு தந்த பெயர்கள்: செருமானிய நாடுகளின் களியாட்டு விழா

ஒரு விழாவின் வரலாற்றை அதன் பெயர்கொண்டு அறிய முயல்வது சொல்லாராய்ச்சியாளர் வழக்கம். அம்முயற்சி உண்மையை விளக்குதலும் உண்டு. விருப்பத்தின் வழிச் சென்று பிழைபடுதலும் உண்டு. இவ்விரண்டற்கும் சான்றாக, செருமன் மொழி வழங்கும் நாடுகளில் தவக்காலத்திற்கு முன் நிகழும் களியாட்டு விழாவின் பெயர்களை ஈண்டு ஆராய்வோம்.

மேலைத் திருச்சபையினர் திருநீற்றுப் புதன் தொடங்கி, உயிர்த்தெழுந்த பெருவிழாவிற்கு முன் நாற்பது நாள் நோன்பு காப்பர். இடைக்காலத்தில் இந்நோன்பு மிகக் கடுமையாக இருந்தது. ஊனேயன்றிப் பாலும் வெண்ணெயும் முட்டையும் விலக்கப்பட்டன. ஆதலின், நோன்பு புகுமுன் மனையில் எஞ்சியவற்றை உண்டு தீர்த்தல் வேண்டியதாயிற்று. கொழுப்பிற் பொரித்த பண்ணியங்கள் இவ்விழாவிற்கு உரியனவானமை இதனாலேயே. உண்டாட்டோடு வேடமும் முகமூடியும் ஆடலும் சேர்ந்தன.

இவ்விழாவிற்குச் செருமன் மொழியில் பெருவழக்காக மூன்று பெயர்கள் உள்ளன. கொலோன் முதலிய கீழ்ரைன் நகரங்களில் ‘கார்னவால்’ என்பர். தென்மேற்குச் செருமனியிலும் சுவிட்சர்லாந்திலும் ‘ஃபாஸ்ட்நாக்ட்’ அல்லது ‘ஃபாஸ்நாக்ட்’ என்பர். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ‘ஃபாஷிங்’ என்பர். ‘ஃபாஸ்ட்நாக்ட்’ என்பது நோன்பிற்கு முந்திய இரவு எனப் பொருள்படும். ‘ஃபாஷிங்’ என்பதன் பழைய வடிவம் நோன்பிற்கு முன் மதுவினை வார்த்தலைக் குறித்தது. இத்தாலிய மொழி வழியே வந்த ‘கார்னவால்’, ஊனை நீக்குதல் என்னும் பொருளுடைய இடைக்கால இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. இரவு, மது, ஊன் என இவை சுட்டும் பொருள் வேறாயினும், மூன்றும் வரவிருக்கும் நோன்பையே நோக்கி நிற்றல் காண்க. போர்த்துக்கீசர் இவ்விழாவை ‘நுழைவு’ எனப் பொருள்படும் ‘எந்துரூது’ என்றனர். கோவாவின் கொங்கணி மொழியில் வழங்கும் ‘இந்த்ரூஸ்’ அதன் திரிபே.

இங்ஙனம் பொருள் தெளிவாக இருப்பவும், 19ஆம் நூற்றாண்டினர் சிலர் வேறு வழி தேடினர். ‘கார்னவால்’ என்பதனைக் ‘கப்பல் தேர்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரினின்று வருவித்து, உரோமர் ஐசிஸ் தெய்வத்திற்கு எடுத்த கப்பல் விழாவோடு இணைத்தனர். அத்தொடர் இவ்விழாவின் பெயராகப் பழைய நூல்களில் ஆளப்படவில்லை. ‘ஃபாஸ்நாக்ட்’ என்னும் வடிவில் டகரம் இன்மை கண்டு, தழைத்தல் என்னும் பொருளுடைய வேறொரு வினையடியைக் கற்பித்து, இது பண்டைச் செருமானியரின் வளமைச் சடங்கு என்றாரும் உளர். மூன்று மெய்கள் ஒருங்கு நிற்குமிடத்து இடைநின்றது கெடுதல் பேச்சுவழக்கில் இயல்பு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோல்ஃப்ராம் இயற்றிய ‘பார்சிவால்’ காப்பியத்திலேயே இக்குறைந்த வடிவம் உண்டு. ஆயினும், 1933க்குப் பின் ஆண்ட நாட்சிகளுக்கு இப்பொய்ப் பொருள் உவப்பாயிற்று. திருச்சபைக்கு உரிய விழாவை இனத்தின் தொல்விழாவாகக் காட்ட அது துணைசெய்தது. அவ்வாட்சி 1945இல் வீழ்ந்த பின்னும் அக்கருத்து மக்களிடையே நெடுங்காலம் நிலவியது. டீட்ஸ்-ரூடிகர் மோசர், வெர்னர் மெட்ஸ்கர் முதலிய ஆய்வாளர் பிற்காலத்தே அதனை மறுத்து, விழாவின் தோற்றத்தைத் தவக்காலத்தோடு பொருத்தினர்.

சமயச் சீர்திருத்த வரலாறும் இவர்கள் முடிபிற்கு அரணாகிறது. நோன்புக் கடமையை நீக்கிய நாடுகளிற் பெரும்பாலும் இவ்விழாவும் தேய்ந்தது. 1529இல் சீர்திருத்தத்தை ஏற்ற பாசல் நகரில் மட்டும் இது இன்றும் சிறந்து விளங்குவது ஏன் என ஒருவர் வினவலாம். அந்நகரின் விழா, திருநீற்றுப் புதனுக்குப் பின் வரும் திங்களன்று விடியற்காலை நான்கு மணிக்கு, தெருவிளக்குகள் அணைக்கப்பட, பறையும் குழலும் முழங்கத் தொடங்குகிறது. நோன்பு தொடங்கிய பின்னர் நோன்பின் முன்விழா நிகழ்வது முரணாகத் தோன்றும். பண்டு ஞாயிறுகளையும் சேர்த்தே நாற்பது நாள் எண்ணினர். ஞாயிறுகள் விலக்கப்பட்டபோது நோன்பின் தொடக்கம் ஆறு நாள் முற்பட்டது. பாசல் மக்கள் பழைய கணக்கையே பற்றிநின்றனர். நோன்பைக் கைவிட்ட நகரம் நோன்பின் நாட்கணக்கைக் கைவிடவில்லை.

இதனால் வேடமும் முகமூடியும் கிறித்தவத்திற்கு முன் இல்லை என்று நாம் கூறவில்லை. அவற்றின் தொன்மையை விழாவின் பெயர் நிறுவாது என்பதே நம் கருத்து. இன்று காணும் ஆரவாரம் அனைத்தும் பழமையும் அன்று. கொலோன் நகரின் புகழ்பெற்ற ஊர்வலம் பிரஷிய ஆட்சிக் காலத்தில், 1823இல் ஒழுங்குசெய்யப்பட்டதே. ஒலியொப்புமை ஒன்றையே பற்றிச் சொல்லுக்கு வேர் காணும் ஆசை எந்நாட்டு அறிஞர்க்கும் உண்டு, நமக்கும் உண்டு. பழைய ஆட்சியும் ஒலிமாற்ற நெறியும் விழா நிகழும் நாளும் ஒருங்கு சான்று பகரும்போதே அவ்வேரினைக் கொள்ளுதல் முறையாகும். இனப்பெருமைக்கு உவப்பாய் அமையும் வேரினை இருமடங்கு ஐயத்தோடு நோக்குதல் வேண்டும்.