தூத்துக்குடித் தோணியில் கடல் குடித்தனம்

தூத்துக்குடித் தோணி மரத்தால் கட்டிப் பாயால் ஓட்டிய சரக்குக் கலம். நீளம் 80 அடி அளவில் இருக்கும். பெரியவை 300 டன் வரை சுமக்கும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் அதில் வேலை செய்தார்கள். மன்னார் வளைகுடாவைக் கடந்து கொழும்புக்கும், மேற்கே திரும்பி இலட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும், பாம்பன் கால்வாய் வழியே சோழமண்டலக் கரைத் துறைகளுக்கும் இந்தத் தோணிகள் போய்வந்தன. நீராவிக் கப்பல் வந்து நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் பாய்த்தோணி பிழைத்துக் கிடந்த துறைகளில் தூத்துக்குடியும் ஒன்று.

அதற்குக் காரணம் கடலின் ஆழமின்மை. கரையை ஒட்டிய கடல் மிக ஆழம் குறைந்ததால், நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கை ஏற்றி இறக்கத் தோணிதான் வேண்டும். 1868-ல் தூத்துக்குடி சிறு துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1876-ல் மணியாச்சி வழியாக ரயில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் பருத்தி மூட்டைகள் இங்கே வந்து குவிந்தன. வெளிநாட்டுச் சந்தையில் அந்தப் பருத்திக்குத் திருநெல்வேலிப் பெயர்தான். விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927-ல் திறக்கும்வரை சோழபுரம், ராஜபாளையம் பக்கத்து விளைச்சல் மாட்டுவண்டியில்தான் ரயிலடியைச் சேர வேண்டியிருந்தது. எப்படி வந்தாலும், கடலில் அதன் முதல் சில மைல்கள் தோணியில் கழிந்தன.

துறைமுகத்துக்குள் ஓடிய தோணிக்காரர்கள் வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். கடல் தாண்டி ‘நடை’ போன தோணிக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல்; மாலே 400. காற்று வாய்த்தால் கொழும்பு ஒன்றரை நாள், வாய்க்காவிட்டால் ஒரு வாரம். அதனால் நடைத்தோணி சரக்குக் கிடங்காக மட்டும் இருக்க முடியாது. அடுப்பு, குடிதண்ணீர், படுக்கை, பூசை, சண்டை, சமாதானம் எல்லாம் கொண்ட ஒரு வீடாகவும் அது இருந்தாக வேண்டும்.

தோணிக்குத் தலைவர் தண்டல். சுக்கானைப் பிடிப்பவர் சுக்கானி. சோறாக்குபவர் பண்டாரி, அவர் பெரும்பாலும் புதிதாகக் கடலேறிய பையன். மற்றவர்கள் பாயும் கயிறும் நங்கூரமும் பார்ப்பவர்கள். தோணி உடைமையாளர்களிலும் தண்டல்களிலும் பரதவர் மிகுதி. 1530களில் கத்தோலிக்கம் தழுவிய சமூகம் ஆகையால் தோணிகளுக்குப் புனிதர்களின் பெயர்கள் வழங்கின. புதுத்தோணியைக் கடலில் இறக்கும்போது சாமியார் மந்திரிப்பார். பொழுது சாய்ந்ததும் தோணியில் செபமாலை சொல்வார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் கோபுரம் கண்ணிலிருந்து மறைவது கரை மறைந்ததற்கு அடையாளம்.

நடைக்கு நாள் குறித்தது காலண்டர் அல்ல, காற்று. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. அவற்றின் இடைத்திசைகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. காற்றோடு நீவாட்டையும் பார்க்க வேண்டும். கடலுக்குள் ஓடும் நீரோட்டம் அது. பாய் புடைத்து நின்றாலும் நீவாடு எதிர்த்தால் தோணி நின்ற இடத்திலேயே நிற்கும். தென்மேற்குப் பருவம் வலுக்கும்போது, மே நடுவிலிருந்து நாலைந்து மாதங்கள், மாலத்தீவு நடை நின்றுவிடும். ஐரோப்பியப் பயணிகளுக்கு இந்தக் காத்திருப்பு சோம்பலாகத் தெரிந்திருக்கலாம். உண்மையில் தண்டலின் திறமையில் பாதி, எப்போது பாய் விரிக்கக் கூடாது என்று அறிவதில் இருந்தது.

கரையில் கிடந்த மாதங்களும் வேலை மாதங்களே. தோணியைக் கரையேற்றிச் சிப்பியும் பாசியும் சுரண்டுவார்கள். பலகை இணைப்புகளில் பஞ்சுத்திரியை உளியால் அறைந்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பார்கள். இது கலபத்து. தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவது மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு எதிரான காப்பு. அடிமரமான ஏராவும் விலா எலும்பு போன்ற வங்கும் உறுதியாக இருந்தால் மேற்பலகைகளை மாற்றி மாற்றியே ஒரு தோணியைப் பல பத்தாண்டுகள் ஓட்டலாம். வங்குக்கு இயல்பாகவே வளைந்த நாட்டு மரம் வேண்டும். நேர்மரத்தை அறுத்து வளைத்தால் அலையின் அடி தாங்காது. வரைபடம் இல்லாமல், மேஸ்திரியின் கண்ணளவிலும் கையளவிலும் தோணி உருவானது. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920-ல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வு, இந்தக் கரையின் கலங்களை விரிவாகப் பதிவு செய்த முதல் நூல்களில் ஒன்று.

கடலில் நாள் விடியுமுன்னே தொடங்கும். முதல் வேலை தண்ணீர் இறைப்பு. எவ்வளவு நன்றாகக் கலபத்து அடித்தாலும் மரக்கலத்தில் தண்ணீர் ஊறும். அதை இறைக்காவிட்டால் முதலில் நனைவது சரக்கு. மிளகாயும் வெங்காயமும் அரிசியும் ஏற்றிப் போகிற தோணியில் அது நேரடி நட்டம். ஆகவே காவல் மாறும்போதெல்லாம் இறைத்தார்கள். பிறகு கயிறுகளைப் பார்க்க வேண்டும்: பாயைத் தாங்கும் மரமான பருமலை ஏற்றும் ஆஞ்சான் கப்பியில் உராய்ந்து தேய்ந்திருக்கிறதா, பாயின் மூலையை இழுத்துக் கட்டும் தாமான் இறுக்கமாக இருக்கிறதா என்று. வெயில் ஏறுமுன் கிழிந்த பாயைத் தைப்பார்கள். பருத்தித் துணிப் பாய்க்கு வெயிலும் உப்பும் இரட்டைப் பகை. ஊசியும் நூலும் இல்லாமல் எந்தத் தோணியும் கிளம்பியதில்லை.

அடுப்பு மேல்தட்டில் இருந்தது. மரப்பெட்டிக்குள் மண்ணைக் கொட்டி, காற்றுக்கு மறைவாக வைத்து, விறகு எரிப்பார்கள். மரக்கலத்தில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை என்பதால் கடுங்காற்று நாளில் அடுப்பே மூட்டுவதில்லை. பழைய சோறும் கருவாடும் வெங்காயமும் அன்றைக்குப் போதும். மற்ற நாட்களில் சோறும் மீன்குழம்பும். மீன் வாங்கத் தேவையில்லை. தோணியின் பின்னால் இழுபட்டுவரும் தூண்டிலில் சூரையோ சீலாவோ மாட்டும். மாட்டாத நாளில் புளித்தண்ணீரும் சுட்ட கருவாடும்.

குடிதண்ணீர்தான் உண்மையான அளவுகோல். பீப்பாய்களில் ஏற்றிய தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும். குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரில். கடல்நீர் கொஞ்சம் கலந்து உலை வைப்பதும் உண்டு, உப்பும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். காற்று செத்துத் தோணி நின்றுவிட்டால் தண்டல் முதலில் பார்ப்பது பாயை அல்ல, பீப்பாயை. மழை பெய்தால் பாயை விரித்துப் பிடித்து நீர் சேகரிப்பார்கள். வெப்பக்கடலில் திடீர் மழை அரிதல்ல என்பதால் பல நேரம் அது உயிர் காத்தது.

படுக்கை என்று தனியே எதுவும் கிடையாது. சரக்குக்கு மேல், பாய் நிழலில், காற்று வாட்டம் பார்த்துச் சுருண்டுகொள்வார்கள். இரவில் முறைவைத்துக் காவல். சுக்கானிக்கு அருகே ஒருவர் விழித்திருந்து பேச்சுக்கொடுக்க வேண்டும். சுக்கானி கண்ணயர்ந்தால் பாய் எதிர்க்காற்றில் மாறி அடித்துப் பருமலே முறியலாம்.

வழி பார்ப்பதில் கொழும்பு நடையும் மாலத்தீவு நடையும் வேறுவேறு கலைகள். கொழும்புக்குப் போகும் தோணிக்கு மலை துணை. தெளிவான காலையில் 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாத மலை கரைக்கு முன்பே தெரிந்துவிடும். மாலத்தீவின் நிலமோ கடல்மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர்தான். முதலில் தெரிவது தென்னையின் தலை. அதைக் கண்ட பிறகு பவளப்பாறை எவ்வளவு தொலைவு என்பதே கேள்வி. இரவில் அந்தத் தீவுகளை நெருங்கும் தண்டல் பாயை இறக்கி விடியும்வரை வெளியே மிதந்துகிடப்பார். கார்த்திகை மீன் எழும் இடம், துருவ மீனின் உயரம், விடிவெள்ளி, தண்ணீரின் நிறம், ஈயக்குண்டு கட்டிய கயிறு காட்டும் ஆழத்தின் பாகக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஒரு வரைபடமாகும். 1885-ல் கட்டிய மினிக்காய்க் கலங்கரை விளக்கம் இந்தப் பாதையில் கிடைத்த பெரிய உதவி. திசைகாட்டிப் பெட்டி இருந்தது. ஆனால் தண்டல்கள் அதைச் சரிபார்க்கும் கருவியாகவே கொண்டிருந்ததாகத் தோன்றுகிறது.

தீவுத்துறை சேர்ந்தபின் வாழ்க்கையின் வேகமே மாறும். அரிசி, பருப்பு, வெங்காயம், ஓடு, செங்கல் இறங்கும். திரும்பும்போது மாசிக்கருவாடும் தேங்காயும் கொப்பரையும் ஏறும். மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்த அந்த மாசிக்குத் தென்மாவட்டங்களில் எப்போதும் கிராக்கி. சரக்கு சேரும்வரை நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் தோணி அங்கே கிடக்கும். தோணிக்காரர்களும் தோணியிலேயே கிடப்பார்கள்.

வேறு நாட்டவர் சிறு பாய்க்கலத்தில் வெப்பத்தீவுகளைச் சுற்றியதும் இந்தத் தோணிகள் ஓடிய காலத்தில்தான். ஜோஷுவா ஸ்லோகம் 1895 முதல் 1898 வரை 36 அடிப் படகில் தனியே உலகைச் சுற்றினார்; வழியில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளையும் மொரீஷியசையும் தொட்டார். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 1928 முதல் 1931 வரை 32 அடி ‘ஸ்வாப்’ படகில் உலகைச் சுற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு அவர் இலங்கையில் விலைக்கு வாங்கிய கப்பல் வல்வெட்டித்துறைத் தமிழ்த் தச்சர்கள் கட்டிய 89 அடி ‘அன்னபூரணி’. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்றார்கள். 1938 ஆகஸ்ட் 1 அன்று அது மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையை அடைந்தது. பாக்கு நீரிணைக் கப்பல்காரர்கள் தங்கள் வழக்கமான தொழிலறிவோடு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உல்லாசப் படகுக்காரர் ஒவ்வொரு நாளையும் எழுதிவைத்தார். பிழைப்புக்காக அதே கடலில் வாழ்ந்த தோணிக்காரர் எழுதவில்லை. அந்த வாழ்க்கையைத் தமிழில் விரிவாக எழுத்தில் கொண்டுவந்தது ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல். 2009-ல் வெளிவந்து 2013-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

பாய்த்தோணியின் தேய்வு ஒரே நாளில் நடந்ததல்ல. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியும் பிரிட்டிஷ் கம்பெனியும் கொழும்புப் பாதையில் போட்டியிட்டபோதுகூட, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தோணி இல்லாமல் இருவராலும் தொழில் நடத்த முடியவில்லை. 1974-ல் ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டுக் கப்பல்கள் நேரே தளத்தை அணைத்ததும் அந்த வேலை போயிற்று. 1970களில் இலங்கை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதிக்குத் தடை போட்டது கொழும்பு நடைக்கு அடி. 1983-க்குப் பின் உள்நாட்டுப் போர் அடுத்த அடி. பின்னர் வந்த பெட்டகக் கப்பல்கள் மூன்றாவது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தோணிகளில் இயந்திரம் ஏறியது. காற்றுக்குக் காத்திருப்பது குறைந்தது. டீசல் விலைக்குக் காத்திருப்பது கூடியது. இப்போது மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறி, கட்டுமானப் பொருள் ஏற்றிப் போகும் தோணிகளில் செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கிறது. பாய் துணைக்கு மட்டும் சுருட்டிக் கிடக்கிறது. பருவம் மாறியதும் நடையை நிறுத்தித் தோணியைப் பழைய துறைமுகத்தில் கட்டும் வழக்கம் மட்டும் அப்படியே தொடர்கிறது.