டிச்போர்ன் பாரனெட் குடும்பம்

டிச்போர்ன் குடும்பம் இங்கிலாந்தின் ஹாம்ப்சயரைச் சேர்ந்த பழமையான கத்தோலிக்க நிலவுடைமைக் குடும்பமாகும். 1621-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் பெஞ்சமின் டிச்போர்னுக்கு பாரனெட் பட்டம் அளித்தார். ஆண் வழியில் தொடரும் இப்பட்டத்தைப் பெற்றவர் ‘சர்’ என அழைக்கப்படுவார். பிரபுக்கள் அவையில் இடம் கிடையாது.

இக்குடும்பம் உலகறியக் காரணம் ஒரு வழக்கு. 1854-இல் வாரிசான ரோஜர் சென்ற ‘பெல்லா’ கப்பல் ரியோ டி ஜெனீரோவிலிருந்து புறப்பட்டபின் காணாமல் போனது. அவர் இறந்ததை நம்பாத தாய் ஹென்ரியட், தகவல் கேட்டு செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார். 1866-இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவிலிருந்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் தானே ரோஜர் என்றார். ரோஜர் ஒல்லியானவர், பாரிசில் வளர்ந்தவர். வந்தவரோ மிகவும் பருத்தவர். பிரெஞ்சு மொழி தெரியாது. ஆயினும் தாய் அவரை மகனாக ஏற்றார். உறவினர் பெரும்பாலோர் மறுத்தனர். பட்டம் அப்போது ரோஜரின் தம்பி ஆல்பிரடின் கைக்குழந்தையிடம் இருந்தது.

விசாரணை தொடங்குமுன், 1868-இல், தாய் இறந்தார். 1872-இல் சொத்துரிமை வழக்கு தோற்றது. அவர் லண்டன் வாப்பிங்கைச் சேர்ந்த ஆர்தர் ஆர்டன் என முடிவுசெய்த நீதிமன்றம், 1874-இல் பொய்ச் சாட்சியத்துக்காக 14 ஆண்டுச் சிறை விதித்தது. உழைக்கும் மக்கள் பலர், ஏழை என்பதாலேயே அவர் உரிமை பறிக்கப்பட்டதாகக் கருதினர். 1898-இல் வறுமையில் இறந்த அவரது சவப்பெட்டியில் ‘சர் ரோஜர் டிச்போர்ன்’ என்னும் பெயர் அட்டையை வைக்க அக்குடும்பமே அனுமதித்தது வியப்புக்குரியது.

ஆண் வாரிசின்றி, 1968-இல் 14-ஆம் பாரனெட்டுடன் பட்டம் அற்றுப்போனது.