தாமிரவருணிக் கரையில் மின்சார இருப்புப் பாதை



திருநெல்வேலிச் சந்திப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் தண்டவாளத்துக்கு மேலே ஒரு கம்பி ஓடுவதைக் காணலாம். அதில் பாய்வது 25,000 வோல்ட் மின்சாரம். நான் சிறுவனாயிருந்த காலத்தில் அவ்விடத்தில் நிலக்கரிப் புகையே நிறைந்திருந்தது. புகை போய்க் கம்பி வந்தது நன்மையே, ஐயமில்லை. ஆயினும், சரித்திரம் கற்பித்த பழக்கமோ என்னவோ, ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. இக்கம்பியும், இதற்கு மின்சாரம் ஊட்டும் துணைமின் நிலையமும் இன்ன வழியில், இன்ன இடத்தில் அமையலாம் என்று முடிவு செய்தவர் யார்? முடிவு செய்யுமுன் எவரையேனும் கேட்டார்களா?

மதுரையிலிருந்து மணியாச்சி வழியாக இருப்புப் பாதை நம் ஊரை எட்டிய ஆண்டு 1876. அதற்கு வெகுகாலம் முன்னரே இங்கிலாந்தில் ஒரு விதி இருந்தது. புதிய பாதை போட விரும்பும் கம்பெனி, அது செல்லும் வழியின் வரைபடத்தை நவம்பர் 30ஆம் நாளுக்குள் அவ்வவ் வட்டார அதிகாரியிடம் ஒப்படைத்து, எவரும் பார்வையிடும்படி வைக்க வேண்டும். நிலமுடையோர் பார்லிமெண்டுக் குழுவின்முன் தம் மறுப்பை எடுத்துரைக்கலாம். அதே ஆங்கிலேயர் இங்குப் பாதை போட்டபோது இவ்வுரிமை மட்டும் கப்பலேறி வரவில்லை! இங்கே வழியைச் சர்க்கார் குறித்தது, நிலத்துக்கு விலை கிடைத்தது, அவ்வளவே. நிலமெடுப்பை ஆட்சேபிக்கும் உரிமைகூட 1923இல்தான் சட்டத்தில் ஏறிற்று.

ஆயினும் 1890ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. பாதை போடுவதற்கு முன்பு வயல்களுக்கு நீர் எவ்வாறு தடையின்றி வந்து போயிற்றோ, பாதை போட்ட பின்னும் அவ்வாறே போகும்படி மதகுகளும் வடிகால்களும் ரயில்வே நிர்வாகமே கட்டித்தர வேண்டும் என்பது அது. தாமிரவருணிப் பள்ளத்தாக்குக்கு இது எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழியும் குளங்கள். இத்தகைய நாட்டில் குறுக்கே ஒரு மண்கரை எழுப்புவதென்றால், எந்த மழையில் எந்தத் திசையில் நீர் ஓடும் என்பதை முதலில் அறிய வேண்டும். அதை அறிந்தவன் மடையில் நின்று நீர் பாய்ச்சும் உழவன். சுற்றுச்சூழல் மதிப்பீடு என்று நாம் இன்று பெயரிட்டு வழங்குவதன் முளை இந்த ஒரு விதியில் இருந்தது என்பேன். ஆனால் போக்குவரத்துத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழிந்தபின் கூடுதல் மதகு வேண்டுமென்றால், அச்செலவை ஏற்குமாறு பொதுவாக நிர்வாகத்தை வற்புறுத்த இயலாது என்றும் அச்சட்டமே கூறிற்று. மழை பத்து ஆண்டுக் கணக்குப் பார்த்தா பெய்கிறது?

பாபநாசத்தில் 1938இல் வேலை தொடங்கி 1944இல் மின்சாரம் எடுத்தார்கள். அங்கே ஒரு முறை என் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். குழாயில் இறங்கி உருளையைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றிலேயே சேர்வதை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பையன், “ஐயா, இதைக் கட்டுமுன் காட்டை யார் பார்த்தார்கள்?” என்று கேட்டான். கீழே உள்ள பாசனத்தைப் பற்றி எண்ணினார்கள் என்றேன். காட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் விடையில்லை. முண்டந்துறை சரணாலயமானது 1962இல். களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது 1988இல். இன்று அத்தகைய 25 மெகாவாட் அல்லது அதற்கு மேற்பட்ட நீர்மின் திட்டம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குவதாயின், 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

இனி மின்சார ரயிலுக்கு வருவோம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது 1931இல். 25,000 வோல்ட் முறையை இந்தியா தேர்ந்தது 1957இல். நம் பகுதிக்கு அது வந்ததோ இந்த நூற்றாண்டில். இங்குதான் வியப்பு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலை உண்டு, துறைமுகம் உண்டு, விமான நிலையம் உண்டு. இருப்புப் பாதை இல்லை. 1989ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டத்து 11ஆம் பிரிவோ, பிற சட்டங்கள் என்ன கூறினும் மின் இழுவைச் சாதனங்களையும் மின் வழங்கும் நிலையங்களையும் அமைக்கலாம் என்கிறது. புகையில்லாத வண்டிக்குத் தடை எதற்கு என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் கம்பி தூயதாயிருப்பதனால் அதன் கம்பம் நிற்கும் இடமும் தக்கது என்று ஆகிவிடாது.

காட்டு நிலத்தைத் தொட்டால் மட்டும் நிலை வேறு. அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. கோவா எல்லையில் காசில்ராக் – குலேம் இரட்டைப் பாதைக்கு வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு அளித்த ஒப்புதலை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் நீக்கிற்று. அதுவும் நம்முடைய இதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். சமவெளியின் வயலுக்கும் குளத்துக்கும் அத்தகைய காவல் இல்லை.

2023 டிசம்பர் 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். அதற்கப்பால் செய்துங்கநல்லூரை நோக்கிச் செல்லும் பாதையில் வெள்ளம் சரளைக்கல்லையும் மண்ணையும் அரித்துச் சென்றுவிட, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. கடைசிப் பயணிகள் வெளியேறியது 19ஆம் நாள். உடைந்த கரையின் படத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டன. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போயிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது.