பேர்க்கிளி வளர்த்த பொதுச் செல்வம்

கணினியைக் கையாள்வோர் பலர். அக்கணினியை உள்ளிருந்து நடத்துவது யாது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒரு பாடசாலையில் எந்த வகுப்பு எந்த அறையில் எந்நேரத்தில் அமர வேண்டும், ஆய்வுகூடத்தை எவர் எப்பொழுது பயன்படுத்தலாம் என்பவற்றை நேரசூசி ஒழுங்குபடுத்துகின்றது. அதுபோலக் கணினியின் நினைவகத்தையும் வன்தட்டையும் பற்பல செய்நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுக்காவண்ணம் காப்பது பணிசெயல் முறைமை எனப்படும். அஃதின்றேல் கணினி வெறும் பெட்டியே.

இம்முறைமைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதி, மனிதர் வாசித்து விளங்கிக்கொள்ளத்தக்கது மூலநிரல். அதிலிருந்து ஆக்கப்பட்டு, இயந்திரம் ஏற்றுக்கொள்ளத்தக்க எண்வரிசையாக நிற்பது மற்றையது. மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பல, இரண்டாவதைக் கொடுத்து முதலாவதை மறைத்துவிடும். மருந்தைக் கொடுத்து வாகடத்தை மறைத்த வைத்தியரின் செயலை இஃது ஒக்கும். மருந்து நோயைத் தீர்க்கலாம். ஆயினும் அதைத் திருத்தவோ பிறருக்குக் கற்பிக்கவோ மற்றவரால் இயலாது. வாகடத்தை ஊரறிய விரித்து வைத்த பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாறே ஈண்டுக் கூறப்படுவது.

1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்னும் இருவர் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். 1973இல் அது, றிச்சி வகுத்த சீ என்னும் கணினி மொழியில் மீண்டும் எழுதப்பெற்றது. அவ்வாய்வுகூடத்தின் உரிமையாளராகிய அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனி, 1956ஆம் ஆண்டில் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஓர் இணக்கத்தால், தொடர்பாடல் தவிர்ந்த பிற வணிகங்களில் இறங்க முடியாதிருந்தது. ஆகவே யுனிக்ஸை ஒரு வணிகப் பண்டமாக அது விற்கவில்லை. கேட்ட பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகை பெற்று, மூலநிரலையும் சேர்த்தே கொடுத்தது. பழுது நேரின் உதவி கிடையாது என்பது நிபந்தனை. உதவி கிடையாமையே மாணவருக்கு வாய்ப்பாயிற்று. பழுதைத் தாமே கண்டு, தாமே திருத்தி, அண்டைப் பல்கலைக்கழகத்தாருக்கும் அறிவிக்க வேண்டியவர் ஆயினர்.

1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நிகழ்ந்த ஒரு மாநாட்டில் தொம்சனும் றிச்சியும் யுனிக்ஸ் பற்றிய கட்டுரையை வாசித்தனர். கேட்டிருந்தோருள் ஒருவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகப் பேராசிரியர் றொபேட் பேப்ரி. அவருடைய முயற்சியால் 1974 ஜனவரியில் யுனிக்ஸ் நாடா பேர்க்கிளிக்கு வந்தது. கணினியியல், கணிதம், புள்ளிவிபரவியல் ஆகிய மூன்று துறைகளும் கூடி வாங்கிய ஒரே இயந்திரத்தில் அது குடியேறியது. 1975இல் தொம்சனே, தாம் முன்னர் கற்ற அப்பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு வருகைப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டில் பில் ஜோய், சக் ஹேலி என்னும் பட்டப்பின் மாணவர் இருவரும் அங்கு வந்தனர். தொம்சன் தொடங்கிவைத்த பஸ்கால் மொழிச் செய்நிரலை அவ்விருவரும் செம்மைப்படுத்தினர். பின்னர் முறைமையின் உட்பகுதிகளையும் ஆராயத் தலைப்பட்டனர். மற்றைய கல்விக்கூடங்கள் இவற்றை விரும்பிக் கேட்டமையால், 1978ஆம் ஆண்டளவில் ஜோய் அவற்றை ஒரு நாடாவில் தொகுத்து ‘பேர்க்கிளி மென்பொருள் விநியோகம்’ எனப் பெயரிட்டார். பீ. எஸ். டீ. என்னும் மூன்றெழுத்துக்கள் குறிப்பது இதனையே. முதற்றொகுப்பில் ஏறத்தாழ 30 பிரதிகளே வெளியே சென்றன. ஆயினும் பெற்றவர்கள் வாளாவிருக்கவில்லை; தாம் கண்ட பிழைகளையும் செய்த திருத்தங்களையும் பேர்க்கிளிக்கு எழுதினர். அடுத்த தொகுப்பில் அவை இடம்பெற்றன.

வாக்ஸ் என்னும் பெரிய கணினி பேர்க்கிளிக்கு வந்தபோது இம்முறையின் பயன் நன்கு புலப்பட்டது. அக்கணினிக்கெனப் பெல் ஆய்வுகூடம் அனுப்பிய யுனிக்ஸ், அதன் மெய்நிகர் நினைவக வசதியைப் பயன்படுத்தவில்லை. நினைவகத்திற் கொள்ளாத வேலையைப் பகுதி பகுதியாகத் தட்டிலிருந்து எடுத்து நடத்துவதே அவ்வசதி. ஓசால்ப் பபாவோலு என்னும் மாணவர், ஜோயின் துணையுடன் அதனை எழுதிச் சேர்த்தார். 1979ஆம் ஆண்டின் இறுதியில் அது மூன்றாம் விநியோகமாக வெளிப்பட்டது.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர் ஆய்வு நிறுவனம் இதனைக் கவனித்தது. தன் பணத்தில் ஆய்வு செய்யும் கல்விக்கூடங்கள் யாவும் ஒரே பணிசெயல் முறைமையைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அதன் விருப்பம். 1980இல் அது பேர்க்கிளிக்கு நிதியளிக்க, பேப்ரியின் தலைமையில் கணினி முறைமைகள் ஆய்வுக் குழு அமைந்தது. 1983 ஓகஸ்டில் அக்குழு வெளியிட்ட பதிப்பிலே, வெவ்வேறு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ரீ. சீ. பீ. முதலிய இணைய நெறிமுறைகள் உள்ளடங்கியிருந்தன. மெல்பேண் பல்கலைக்கழகத்திலிருந்து றொபேட் எல்ஸ் அளித்த ஒரு பகுதியும் அதில் இருந்தது. 18 மாதங்களுக்குள் 1,000க்கு மேற்பட்ட நிலையங்கள் அப்பதிப்புக்கு உரிமம் பெற்றன. இணையம் பல்கலைக்கழகங்களிடையே வேரூன்றியதற்கு இப்பதிப்பு ஒரு பெருங்காரணம்.

ஆயினும் ஓர் இடர் வளர்ந்து வந்தது. பேர்க்கிளியின் நாடாவில் தொலைபேசிக் கம்பனியின் நிரலும் கலந்திருந்தமையால், அதனைப் பெற விரும்புவோர் முதலிற் கம்பனியின் உரிமத்தைப் பெற வேண்டும். அவ்வுரிமத்தின் நிபந்தனைகளோ இறுகிக்கொண்டிருந்தன. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்பவர் யுனிக்ஸின் மூலநிரலுக்கு வரிவரியாக உரை எழுதி, 1976, 1977ஆம் ஆண்டுகளில் தம் மாணவருக்குக் கற்பித்தார். 1979இல் வந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பின் உரிமமோ, மூலநிரலை வகுப்பறையிற் கற்பிப்பதையே தடுத்தது. லயன்ஸின் நூல் கைக்குக் கை மாறிய நிழற்பிரதிகளாலேயே வாழ்ந்தது. பகிரங்கமாக அச்சேறியது 1996இல். 1984இல் தொலைபேசிக் கம்பனி பிரிக்கப்பட்டு, கணினி வணிகத்தில் இறங்கும் சுதந்திரத்தைப் பெற்ற பின்னர் உரிமக் கட்டணமும் ஏறிக்கொண்டே சென்றது.

இந்நிலையில் எழுந்த வினா எளிதன்று. பத்தாண்டுகளாக மாணவரும் ஆசிரியரும் பொதுப் பணத்தில் உழைத்து எழுதியவை எவருக்கு உரியவை? அவற்றைத் தம் விருப்பப்படி உலகுக்கு வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டா, இல்லையா?

முதலில் வலையமைப்புப் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, 1989 ஜூனில் பேர்க்கிளி தனியாக வெளியிட்டது. நாடாவின் விலை 1,000 டொலர். ஆனால் வாங்கியவர் அதனை எவருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம், மாற்றலாம், விற்கவுஞ் செய்யலாம். எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கலாகாது, பேர்க்கிளியின் பெயரை மறைக்கலாகாது என்பதே கேட்கப்பட்ட கைம்மாறு. இலவசமாகக் கிடைத்தும் பல நூறு நிறுவனங்கள் விலை கொடுத்தே வாங்கின.

குழுவைச் சேர்ந்த கீத் பொஸ்ரிக் இதனோடு அமையவில்லை. முறைமை முழுவதையும் விடுவிக்க வேண்டும் என்றார். நூற்றுக்கணக்கான சிறு செய்நிரல்களை யார் எழுதுவது என்று தோழர்களாகிய மைக் கரல்ஸும் கேர்க் மக்கியூசிக்கும் மலைத்தனர். பொஸ்ரிக் உலகெங்குமுள்ள நிரலாளரை வலையமைப்பின் வாயிலாக வேண்டினார். கம்பனியின் நிரலைப் பாராது, வெளியான விளக்கங்களை மாத்திரம் கொண்டு ஒவ்வொரு செய்நிரலையும் புதிதாக எழுத வேண்டும், எழுதியவரின் பெயர் அதனருகே பொறிக்கப்படும், வேறு ஊதியமில்லை. ஏறத்தாழ 18 மாதங்களில் அநேகமாக எல்லாச் செய்நிரல்களும் வந்து சேர்ந்தன. பின்னர் மூவரும் பல மாதங்களாக ஒவ்வொரு கோப்பாகச் சோதித்தனர். ஈற்றில், எளிதில் மாற்றி எழுத முடியாதனவாகக் கருவில் எஞ்சியவை ஆறு கோப்புக்களே. அவ்வாறையும் விலக்கி, 1991 ஜூனில் எஞ்சிய அனைத்தும் வெளியாயின. வில்லியம் ஜோலிட்ஸ் என்பவர் அவ்விடங்களை நிரப்பி, சாதாரண மேசைக் கணினியில் இயங்கும் ஒரு முறைமையை 1992இல் இலவசமாக வழங்கினார். ஒரு சிறு கம்பனியும் தானே அவ்விடைவெளியை நிரப்பி, தன் முறைமையை 995 டொலருக்கு விற்க முன்வந்தது.

அப்பொழுதுதான் வழக்கு மூண்டது. தொலைபேசிக் கம்பனியின் யுனிக்ஸ் பிரிவு 1992இல் அச்சிறு கம்பனியையும், பின்னர் பல்கலைக்கழகத்தையும் நியூ ஜேர்சி நீதிமன்றத்துக்கு இழுத்தது. விநியோகத்தைத் தடுக்குமாறு கேட்ட விண்ணப்பத்தை 1993 மார்ச்சில் நீதிபதி நிராகரித்தார். பழைய யுனிக்ஸ் பதிப்பொன்று பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமலே பலருக்கு வழங்கப்பட்டமையால், அதன்மீதுள்ள உரிமையே ஐயத்துக்குரியது என்பது அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. பல்கலைக்கழகமும் கலிபோர்னியாவில் எதிர்வழக்குத் தொடுத்தது. கம்பனி தன் முறைமையிற் பேர்க்கிளியின் நிரலைச் சேர்த்து விற்றும், ஒப்புக்கொண்டபடி பேர்க்கிளியின் பெயரைக் குறிப்பிடவில்லை என்பது அதன் முறைப்பாடு. இங்ஙனம், கடன்பட்டவர் யார் என்னும் வினா இருபுறமும் திரும்பியது.

யுனிக்ஸ் பிரிவை நொவெல் என்னும் நிறுவனம் வாங்கிய பின்னர், 1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இணக்கம் ஏற்பட்டது. 18,000 கோப்புக்களில் நீக்கப்பட்டவை மூன்று. வேறு சில சிறு மாற்றங்கள் பெற்றன. ஏறத்தாழ 70 கோப்புக்களில் கம்பனியின் பதிப்புரிமைக் குறிப்பும் சேர்க்கப்பட்டது. 1994 ஜூனில் தடையற்ற பதிப்பு வெளியாயிற்று.

வெற்றிக்கு விலையும் இருந்தது. வழக்கு நடந்த காலத்தில் பலர் பேர்க்கிளி முறைமையைத் தொட அஞ்சினர். அக்காலத்திலேயே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் வேகமாக வளர்ந்தது. அவருக்குத் தூண்டுகோலாயமைந்த மினிக்ஸும் ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளையே. வகுப்பறையில் யுனிக்ஸின் மூலநிரலைக் கற்பிக்க முடியாமற் போனமையால், அம்ஸ்ரர்டாம் நகரில் அன்ட்ரூ தனென்பாம் என்னும் பேராசிரியர் மாணவருக்கெனத் தாமே எழுதி 1987இல் வெளியிட்ட முறைமை அது. ஜோலிட்ஸின் முறைமை அப்பொழுதே கிடைத்திருந்தால் லினக்ஸ் தோன்றாமற் போயிருக்கக்கூடும் என்று டோர்வால்ட்ஸ் பின்னாளிற் கூறியுள்ளார். பேர்க்கிளிக் குழுவோ 1995 ஜூனில் தன் இறுதிப் பதிப்பை வெளியிட்டுக் கலைந்தது.

குழு கலைந்தும் பணி கலையவில்லை. பிறீ பீ. எஸ். டீ., நெற் பீ. எஸ். டீ., ஓப்பன் பீ. எஸ். டீ. எனும் வழித்தோன்றல்களைத் தொண்டர்கள் இன்றும் பேணி வருகின்றனர். அப்பிள் கணினிகளின் பணிசெயல் முறைமையிலும் பேர்க்கிளி வழிவந்த பகுதிகள் உள்ளன. பேர்க்கிளியின் பெயரை விளம்பரங்களிற் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையையும் 1999இல் பல்கலைக்கழகம் தானாகவே விலக்கிக்கொண்டது. நிரலின் தலைப்பிலுள்ள பதிப்புரிமைக் குறிப்பு மாத்திரம் நிற்கின்றது.

இவ்வரலாற்றைத் தொடங்கியவர் எவரும் உலகை மாற்றுவோம் என்று சூளுரைத்துத் தொடங்கவில்லை. கையிற் கிடைத்ததை வாசித்தனர். பிழை கண்டவிடத்துத் திருத்தினர். திருத்தியதை மறைக்காது அனுப்பினர். உதவியவர் பெயரை எழுதி வைத்தனர். நல்ல கல்விக்கூடங்கள் யாவற்றிலும் நாள்தோறும் நடக்கும் வேலையே இது. அவ்வேலையைத் தடுக்க ஓர் உரிமப் பத்திரம் வந்தபோது, அவர்கள் அதைக் கைவிடாமல் கோப்புக் கோப்பாக உட்கார்ந்து மீண்டும் எழுதினர் என்பதே பேர்க்கிளியாரின் பெருமை. மாணவர் வாசிப்பதற்குத் தடையில்லாத மூலம் ஒன்று இன்று உலகெங்கும் கிடைக்கின்றதாயின், அது அந்த உழைப்பின் பயனே.