தாய்மொழியும் தந்தைவழியும்

மாங்காட்டில் நம்மிடம் ஓதவரும் பிள்ளைகளுள் ஒருவன், "ஹஜ்ரத், நாம் அரபு வமிசமா, தமிழரா?" என்று கேட்டான். கேள்வி சிறியதுதான். ஆயினும் இதே கேள்வி இலங்கையில் ஒரு சமுதாயத்தின் அரசியலையே ஆட்டி வைத்தது. அவ்வரலாற்றை நம்மவர் அறிவது நலம்.

1888-ஆம் ஆண்டில், சட்டநிரூபண சபையின் தமிழ் உறுப்பினராயிருந்த பொன்னம்பலம் இராமநாதன், ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். சோனகர் எனப்படும் அந்நாட்டு முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே, மார்க்கத்தால் மட்டுமே வேறானவர் என்பது அவர் முடிபு. அவர்கள் பேசும் மொழியையும் கைக்கொள்ளும் வழக்கங்களையும் சான்றாகக் காட்டினார். அச்சான்றுகளில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் காலத்தையும் நோக்க வேண்டும். முஸ்லிம்களுக்குச் சபையில் தனி இடம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. மறு ஆண்டே, 1889-இல், எம். சி. அப்துர் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார்.

இராமநாதனுக்கு 1907-இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பெழுதினார். மொழி இனத்தைக் காட்டாது, தம் முன்னோர் அரபு நாட்டு வணிகர் என்றார். அவ்வணிகர் தமிழ்ப் பெண்களை மணந்ததை அவர் மறுக்கவில்லை. எனினும் வமிசக் கணக்கில் தந்தையரே எண்ணப்பட்டனர், தாய்மார் விடுபட்டனர்.

ஆக, ஒருவர் தாய்மொழியை எண்ணினார். மற்றவர் தந்தைவழியை எண்ணினார். தமக்கு வேண்டிய பாதியை எடுத்து, அதையே முழு வரலாறாக்கினர். அதிகாரம் நாடுவோர் கதை சொல்லும் முறை என்றும் இதுவே.

இக்கதைகளுக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பல்லாயிரவர் சில நாட்களுக்குள், சில ஊர்களில் சில மணி நேரத்துக்குள், வீடுவாசல் துறந்தனர். அவர்கள் பேசியது தமிழே. சபை இடத்துக்கு வழக்காடியபோது தமிழரென்று எண்ணப்பட்டவர்கள், மண்ணுக்கு வழக்காடியபோது அயலாராயினர்.

மனிதர் பல கூட்டத்தாராய் அமைந்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது நம் மார்க்கம் கற்பித்த பாடம். அதை நம் முன்னோர் அரபுத்தமிழிலேயே வாழ்ந்து காட்டினர். அதன் எழுத்து அரபு, சொல் தமிழ். கடலின் இரு கரையிலும் நம் பெண்மக்கள் மார்க்கச் சட்டங்களை அவ்வெழுத்தில் தமிழாகவே ஓதியறிந்தனர்.

கேட்ட பிள்ளையிடம் அத்தகைய பழங்கிதாபு ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அரபெழுத்தைக் கூட்டிப் படித்தவன், தன் தாய் பேசும் சொல் வரக் கண்டு வியந்தான். இரண்டும் நம்முடையவையே. ஒன்றைக் கழித்துவிடுமாறு எவரேனும் கூறின், அதனால் ஆதாயம் யாருக்கு என்று முதலில் கேட்டறிவோமாக.