டெகோவிரிமாட்

டெகோவிரிமாட், பெரியம்மைக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து. கடைப்பெயர் டீபாக்ஸ், ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் எஸ்டி-246. சிகா டெக்னாலஜிஸ் என்ற சிறிய அமெரிக்க உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் இதை உருவாக்கியது. 2018 ஜூலை 13 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தபோது, பெரியம்மைக்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து ஆனது. அன்று உலகில் பெரியம்மை நோயாளி ஒருவர்கூட இல்லை. இயற்கையாக அந்த நோய் கண்ட கடைசி மனிதர் 1977இல் சோமாலியாவில் இருந்தார். 1980இல் நோய் ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோயாளி இல்லாத மருந்தில் எந்த முதலீட்டாளரும் பணம் போடமாட்டார். அதனால் இந்த மருந்தின் கதை பெரும்பாலும் அரசுப் பணத்தின் கதை.

நோய் போனாலும் வைரஸ் போகவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் அது பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. 2001இல் ஆந்த்ராக்ஸ் பொடி தடவிய கடிதங்கள் தபாலில் வந்து ஐந்து பேர் இறந்ததும், பெரியம்மையையும் யாரேனும் ஆயுதமாக்கலாம் என்ற அச்சம் வாஷிங்டனைப் பிடித்துக்கொண்டது. 2004இல் பயோஷீல்டு சட்டம் வந்தது. பத்தாண்டுகளில் 560 கோடி டாலர் வரை செலவழித்து, சந்தை இல்லாத மருந்துகளை அரசே வாங்கிக் கையிருப்பில் வைக்கும் என்பது அதன் சாரம்.

எஸ்டி-246 ஏறத்தாழ மூன்றரை லட்சம் சேர்மங்களைச் சலித்து எடுத்த மூலக்கூறு. அந்தத் தேடலில் வைரோஃபார்மா நிறுவனமும் அமெரிக்க ராணுவத்தின் தொற்றுநோய் ஆய்வகமும் பங்கேற்றன. 2004இல் வைரோஃபார்மாவின் உயிரி ஆயுதத் தடுப்புப் பிரிவை சிகா வாங்கிக்கொண்டது. ஆய்வு ஓரிகன் மாநிலத்தின் கார்வாலிஸ் நகரில் நடந்தது. மருந்து வேலைசெய்யும் விதம் எளிது. அம்மை வைரஸ் ஒரு செல்லிலிருந்து வெளியேறி அடுத்ததைத் தாக்க, மேலே இன்னொரு உறை போர்த்திக்கொள்ள வேண்டும். அதற்கு உதவும் விபி37 என்ற புரதத்தை டெகோவிரிமாட் முடக்குகிறது. வைரஸ் பெருகும், ஆனால் பரவ வழியிருக்காது.

சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் அமெரிக்கத் திட்டம் 1982 சட்டத்தில் பிறந்தது. யோசனை தேறுமா என்று பார்க்க முதல் கட்டத்தில் சிறு தொகை. தேறினால் இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை. கடன் இல்லை, பங்கும் கேட்பதில்லை. சிகாவும் இந்த வழியில் தேசிய சுகாதார நிறுவனங்களின் மானியங்களைப் பெற்றது.

அரசுப் பணம் ஆய்வுக்கு மட்டும் உதவுவதில்லை, பேரத்தில் ஒரு நிறுவனத்தின் நிலையையே மாற்றிவிடும் என்பதற்கு 2006ஆம் ஆண்டு சான்று. பணம் வற்றிய நிலையில் சிகா, ஃபார்மஅத்தீன் என்ற இன்னொரு நிறுவனத்துடன் இணையப் பேசி, இடைக்கால உதவியாக 30 லட்சம் டாலர் கடன் வாங்கியது. இணைப்பு நடக்காவிட்டால் எஸ்டி-246ஐ உருவாக்கும் உரிமை குறித்து நல்லெண்ணத்துடன் பேச வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இலையுதிர்காலத்தில் மருந்து நல்ல முடிவுகள் தந்தது. தேசிய சுகாதார நிறுவனங்களிடமிருந்து 1.65 கோடி டாலரும் வந்தது. சிகா இணைப்பிலிருந்து விலகி, பின்னர் உரிமைக்கான பழைய விலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு டெலவேர் நீதிமன்றங்களில் பத்தாண்டு இழுத்தது. சிகா நல்லெண்ணமின்றி நடந்துகொண்டது என்று தீர்ப்பானது. 2014 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரிய சிகா, 2016இல் அதிலிருந்து மீண்டு, மொத்தம் 21.7 கோடி டாலர் அளவுக்குக் கட்டி முடித்தது. 30 லட்சம் கடனுக்கு இது கொஞ்சம் கனமான வட்டிதான்.

'சிறு நிறுவனம்' என்ற அடைமொழிக்கும் சோதனை வந்தது. 2010இல் அரசு தன் கொள்முதலைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கி சிகாவைத் தேர்ந்தெடுத்தது. போட்டியாளரான கைமெரிக்ஸ் ஆட்சேபித்தது: ஊழியர்கள் சில பத்துப் பேர்தான் என்றாலும், பெருஞ்செல்வந்தர் ரொனால்ட் பெரல்மனின் மெக்கான்ட்ரூஸ் அண்ட் ஃபோர்ப்ஸ் சிகாவில் பெரும்பங்கு வைத்திருந்தது. சிறுதொழில் நிர்வாகம் ஆட்சேபத்தை ஏற்றது. ஒதுக்கீட்டு நிபந்தனை நீக்கப்பட்டு, 2011 மே மாதம் அதே சிகாவுக்கே ஒப்பந்தம் போனது: 17 லட்சம் பேருக்கான மருந்து, சுமார் 43.3 கோடி டாலர். ஒருவருக்கு ஏறத்தாழ 255 டாலர். வேறு வாங்குவோர் இல்லாத சரக்குக்கு அது நியாய விலையா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது.

அந்த ஒருவருக்கான மருந்து இரண்டு குப்பி, குப்பிக்கு 42 கேப்ஸ்யூல். 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல் மூன்றை ஒரு வேளைக்கு, நாளுக்கு இரு வேளையாக 14 நாள் விழுங்க வேண்டும். அதுவும் கொழுப்புள்ள முழுச்சாப்பாடு முடித்த அரைமணிக்குள். வெறும் வயிற்றில் உடல் அதைச் சரியாக உறிஞ்சாது.

பெரியம்மையை மனிதருக்கு ஏற்றிச் சோதிக்க முடியாது. இத்தகைய மருந்துகளுக்காக 2002இல் விலங்கு விதி கொண்டுவரப்பட்டது: பலன் விலங்குகளில் நிரூபிக்கப்பட்டு, பாதுகாப்பு மனிதரில் காட்டப்பட்டால் போதும். குரங்கம்மை ஏற்றிய குரங்குகளும் முயலம்மை ஏற்றிய முயல்களும் மருந்தால் பிழைத்தன. ஆரோக்கியமான 359 தன்னார்வலர்கள் அதை விழுங்கிப் பார்த்தார்கள். ஒப்புதலுக்கு முன்பே, 2007இல், அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட ராணுவ வீரரிடமிருந்து தடுப்பூசி வைரஸ் தொற்றிய இரண்டு வயதுச் சிறுவனுக்கு சிகாகோவில் மற்ற மருந்துகளுடன் இதுவும் அவசரமாகத் தரப்பட்டது. அவன் பிழைத்தான்.

2022இல் குரங்கம்மை உலகெங்கும் பரவியபோது கையிருப்புக் குப்பிகள் முதன்முதலாகப் பெருமளவில் திறக்கப்பட்டன. ஆனால் 2024இல் காங்கோவில் முடிந்த சோதனையில் டெகோவிரிமாட் கொப்புளங்களை விரைவாக ஆற்றவில்லை. வேறு நாடுகளில் நடந்த இன்னொரு சோதனையும் அவ்வாண்டின் இறுதியில் இதே முடிவையே காட்டியது. காங்கோ சோதனையில், மருந்து உண்டவர்களும் போலி மாத்திரை உண்டவர்களுமாகச் சேர்த்து இறந்தோர் 1.7 விழுக்காடு, நாட்டில் பொதுவாக 3.6 விழுக்காடு அல்லது அதற்கும் மேல். இந்த வேறுபாட்டுக்கு மருத்துவமனைப் படுக்கையும் நல்ல கவனிப்பும் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். பெரியம்மைக்கான கையிருப்பை இந்தச் சோதனை முடிவுகள் தொடவில்லை: அந்த நோய்க்கு எதிராக மனிதரில் இதைச் சோதித்துப் பார்க்க இன்னும் வழியில்லை.